நான்காம் பக்கத்தில் என் குரல்

அந்தப் பாடத்தை ஏற்றியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம், சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன். எழுதும்போதும் தள்ளிப்போட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

மலேசியாவில், தம்பின் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். முழுக்கச் செம்பனை, எண்ணெய்ப் பனை. அங்கே ஆபீசில் எனக்கு வேலைக் கடிதத்தில் நிர்வாக உதவியாளர் என்று பெயர். தோட்டத்து ஆட்களுக்கு நான் கிராணி. கிராணி என்றால் அவர்கள் கணக்கில் பேனா பிடிப்பவள். பள்ளிக்கூட விண்ணப்பப் பாரமா, கிராணி. ஆஸ்பத்திரிக் கடிதமா, கிராணி. பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டுமா, ஒரு சீப்பு பிசாங் எம்பாஸ் வாழைப்பழத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "நீயே எழுதிடும்மா" என்பார்கள். நான் எழுதுவேன். நான் விரலால் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். எதில் போடுகிறோம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்து, பேனாவை உதறி, கட்டத்துக்குள் மெல்ல எழுதுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. கை பரபரக்கும். "குடுங்க இங்க" என்று பிடுங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவேன். அதைத் தோட்டமே என் நல்ல மனசு என்று பேசிக்கொண்டது.

என் அண்ணி அதே தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்தார். களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் பதினான்கு பெண்கள். ஒன்பது பேர் நம்மவர்கள், ஐந்து பேர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்துகொண்டு வரிசை வரிசையாக மரத்தடியில் அடித்துக்கொண்டே போக வேண்டும். என் அண்ணன் மோட்டார் விபத்தில் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். அண்ணியும் அவர் மகளும் இருந்த வீடு தோட்டத்து வீடு. எங்கள் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை போனால் சாமானை எடுத்து வெளியே வைக்க வேண்டும். மகள் அந்த வருஷம் ஐந்தாம் படிவம், பெரிய பரீட்சை எழுதப்போகிறவள். அண்ணியின் வேலையில்தான் அந்த வீட்டுக் கூரையே நின்றது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நாள் கட்டளை வந்தது. இனிமேல் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் ஆன்லைன். தொழிலாளிகள் தங்கள் ஹேண்ட்போனில் பாடம் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தேர்ச்சி பெற வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் பாடங்களைத் தளத்தில் ஏற்ற ஒரு ஆள். எங்கள் தோட்டத்துக்கு அந்த ஆள் நான். சிரம்பானில் ஒரு நாள் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். புதுப் பாடம் என்ற பொத்தான், அதற்குக் கீழே பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் படம், குரல், எழுத்து, கடைசியில் பத்துக் கேள்விகள். ஒரு பக்கத்தில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்றும் நாமே போடலாம். அதற்கு முன்னால் அடுத்த பக்கம் திறக்காது. "யாரும் ஏமாத்த முடியாது," என்று சொல்லிக்கொடுத்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் பாடமே மருந்தைப் பற்றியது. பழைய களைக்கொல்லியை நிறுத்திவிட்டுப் புதிது ஒன்று வரப்போகிறது, அதைக் கையாளுவது எப்படி என்று மலாயில் எட்டுப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். தமிழ்க் குரலை நானே பதிய வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போன பிறகு, ஸ்டோர் அறையில் உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிந்தேன். சத்தம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

நான்காம் பக்கம் கேனைத் திறப்பதைப் பற்றியது. பழைய மருந்துக் கேனில் மூடியைத் திருகினால் உள்ளே ஒரு வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். அதைக் கத்தி முனையால் ஒரு குத்துக் குத்தித் திறப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். புது மருந்தில் அந்த வேலையே ஆகாது. வெயில் பட்டால் உள்ளே காற்று உப்பிக்கொள்ளும். குத்தினால் பீறிட்டு அடிக்கும். கேனை நிழலில் வைத்து ஆறவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிவைத்து, தாளின் ஓரத்தில் இருக்கிற காதை மெதுவாக இழுக்க வேண்டும். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் இன்னொன்று. கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. உடனே, நின்ற இடத்திலேயே, நல்ல தண்ணீரால் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும்.

இதை எல்லாம் நிறுத்தி, அழுத்தம் கொடுத்து வாசித்தேன். இரண்டு தடவை அழித்துவிட்டுத் திரும்பப் பதிந்தேன். அந்தப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்று விநாடிக் கணக்கையும் போட்டேன். ஏற்றி முடித்ததும் திரையில் ஒரு பச்சைக் குறி வந்தது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

பிரச்சினை போன் லைனில் ஆரம்பித்தது. தொழிலாளிகள் வீடு இருக்கிற லயத்துப் பக்கம் லைன் ஒரு கோடுகூட வராது. ஆபீஸ் வாசலில்தான் கொஞ்சம் எடுக்கும். பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, விடியற்காலையில் வந்து நிற்கிறவர்கள், வேலை முடிந்து மருந்து வாடையோடு வீட்டுக்கு ஓடிக் குளித்துச் சமைக்கிறவர்கள், எப்போது ஆபீஸ் வாசலில் நின்று பாடம் பார்ப்பது? இந்தோனேசியப் பெண்கள் ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசல்படியில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் கெரோப்போக்கைப் பகிர்ந்து தின்றுகொண்டே முடித்துவிட்டார்கள். ஒருத்திக்கு ஏழு, ஒருத்திக்கு எட்டு. நம்மவர்கள் ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் முடித்திருக்க வேண்டும். மேனேஜர் காலையும் மாலையும் என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

வியாழக்கிழமை காலையில் அண்ணிதான் அந்தப் பையைக் கொண்டுவந்தார். காய் வாங்க பாசார் போகிற பிளாஸ்டிக் பை. உள்ளே ஒன்பது ஹேண்ட்போன்.

"என்னாண்ணி இது, கடையா வெக்கப்போறீங்க?"

"எல்லாருதும் இருக்கு பாப்பா. நீயே போட்டு வுட்டுரு. எங்களுக்கு எங்க நேரம்? லோரி வந்திரும்."

வீட்டில் கடைக்குட்டி என்பதால் எனக்கு நாற்பது வயதிலும் பாப்பாதான்.

"நீங்களாவது உக்காந்து பாருங்களேண்ணி. தமிழ்லதான் போட்டிருக்கேன்."

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆறாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மெல்ல வாசிப்பார், ஆனால் வாசித்ததை மறக்க மாட்டார். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவும் செய்தார். ஹேண்ட்போனைத் தூரப் பிடித்து, முதல் பக்கத்தின் முதல் வரியை எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார். வெளியே லோரி ஹாரன் அடித்தது. என் மேசையில் சம்பளத் தாள்கள் குவிந்து கிடந்தன. அவர் இரண்டாவது வரிக்கு வந்திருந்தார்.

"குடுங்க இங்க," என்றேன்.

பிடுங்கினேன். இன்றைக்கும் என் கை அந்த ஹேண்ட்போனைப் பிடுங்குவது எனக்குத் தெரிகிறது. மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். திறந்தால் மகள் பள்ளிச் சீருடையில் நிற்கும் படம். அண்ணி சிரித்துக்கொண்டே எழுந்து, கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு லோரிக்கு ஓடினார்.

ஒன்பது போனையும் மேசையில் வரிசையாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பாடத்தைத் திறந்துவிட்டேன். விநாடிக் கணக்கு வைத்தவள் நானே, அதனால் நானும் ஏமாற்ற முடியாது. ஓடித்தான் ஆக வேண்டும். ஒவ்வொன்றையும் சில விநாடி முன்பின்னாகத் தொட்டதால் என் குரலும் முன்பின்னாகக் கேட்டது. நான்காம் பக்கம் வந்தபோது ஒரு போன் "கண்ணில் பட்டால்" என்றது. அடுத்தது "கண்ணில் பட்டால்" என்றது. மூன்றாவது, நான்காவது. ஒன்பது வாயால் நானே என்னிடம் அதையே சொன்னேன், காலி ஆபீசில். எனக்கு என்னவோ போல் இருந்தது.  ஒவ்வொரு போனாக எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

பிறகு கேள்விகளுக்கு ஒன்பது பேருக்கும் நானே பதில் அழுத்தினேன். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. ஒன்றிரண்டு தப்பாகப் போட்டிருக்கலாம், அந்தப் புத்திகூட எனக்கு வரவில்லை. கிராணி நிரப்பிய பாரத்தில் தப்பு இருக்கலாமா?

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆளே மாறிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்திருந்தது. எல்லாத் தோட்டங்களிலும் எங்கள் தமிழ்ப் பெண்கள்தான் முதலிடமாம். திங்கட்கிழமை பெரட்டில் அதை அறிவித்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணி எனக்குக் கண்ணடித்தார். இந்தோனேசியப் பெண்கள், ஏழும் எட்டும் வாங்கியவர்கள், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்கு எனக்கு அதுவும் சிரிப்பாக இருந்தது, வெட்கக்கேடு.

அதுவரை மருந்து கலப்பது கூட்டத்தை மேற்பார்க்கிற மண்டோரின் வேலை. வேறு யாரும் கேனைத் தொடக் கூடாது. அவர் அந்த மாதம் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் கேட்டு நான்தான் கடிதம் அடித்தேன். மேனேஜர் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார்.

"உங்க ஆளுங்க எல்லாரும் முழு மார்க் வாங்கியிருக்காங்களே. அவங்களே கலக்கட்டும். எதுக்கு மண்டோர்?" என்றார் மலாயில்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. திறந்தால் ஒன்பது பேருக்கும் என் விரல்தான் அழுத்தியது என்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தைக் கசக்கித் தொட்டியில் போட்டேன். சமயம் பார்த்துப் பெண்களைக் கூப்பிட்டு, நான்காம் பக்கத்தை வாயாலேயே சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு திட்டம் போட்டேன். ஐந்து நிமிட வேலை.

புது மருந்து வந்து இறங்கியது. பழைய கேன் போலவே வெள்ளைக் கேன், நீல மூடி. ஸ்டோருக்குள் உரம் நிறைந்திருந்ததால் லோரிக்காரர் வெளியே சுவரோரமாக அடுக்கிவிட்டுப் போனார். விடிந்ததிலிருந்து வெயில் நேராக அடிக்கிற சுவர் அது. மறுநாள் நான் கழிப்பறைக்குப் போகும்போது பார்த்தேன். கேன்களின் வயிறு உப்பியிருந்தது. ஒன்றைக் கையால் தட்டினேன், இறுக்கமாக இருந்தது. சாயங்காலம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து அடுத்த பாடம் வந்திருந்தது, பாம்புக் கடியைப் பற்றி. அன்றைக்கே ஏற்றச் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்து ஏற்றினேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் ஆபீஸ் பக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். இந்தோனேசியப் பெண்களில் ஒருத்தி மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு ஆபீசுக்குள் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, உன் அண்ணி. கண்ணுல மருந்து," என்று மலாயில் கத்தினாள். "கழுவச் சொன்னேன். கேக்க மாட்டேங்குறா. வேலை செய்யுறா!"

நடந்தது இவ்வளவுதான். அண்ணி கேனை எடுத்தார், மூடியைத் திருகினார், மண்டோர் செய்வதைப் பார்த்திருந்தபடி கத்தி முனையால் வெள்ளித்தாளில் ஒரு குத்து. அது பாம்பு சீறுகிற மாதிரி சத்தம் போட்டுப் பீறிட்டதாம். கண்ணாடி தலைக்கு மேலே இருந்தது. வேர்வையில் ஒன்றும் தெரிவதில்லை என்று எப்போதும் தூக்கித்தான் விட்டிருப்பார். இடது கண்ணில் முழுசாகப் பட்டது. அந்த இந்தோனேசியப் பெண், ஏழு மார்க் வாங்கியவள், "ஜாங்ஙான் கோசோக், காக்! ஆயேர்! ஆயேர்!" என்று ஓடிவந்தாளாம். தேய்க்காதே அக்கா, தண்ணீர், தண்ணீர். நம்மவர்களுக்கு அவள் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று புரியவில்லை. பழைய மருந்து எத்தனை தடவை முகத்தில் தெறித்திருக்கும்! அண்ணி தலைத்துணியால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, குடிக்கிற தண்ணீரில் ஒரு கை அள்ளி அடித்துக்கொண்டு, பம்பை மாட்டிக்கொண்டு இரண்டு வரிசை அடித்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கண் பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்திருந்தது. "அய்யோ அண்ணி!" என்று அலறிவிட்டேன்.

"ஏன் பாப்பா கத்துற? கொஞ்சம் எரியுது, அவ்ளதான் லா."

தண்ணீர் டேங்க் லோரியைக் கொண்டுவரச் சொல்லி, அவர் தலையை என் மடியில் சாய்த்து, பதினைந்து நிமிடமும் ஊற்றினேன். கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஊற்றினேன். பதினைந்து நிமிடம் என்று எனக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள் டாக்டர் சொல்லிவிட்டார், இடது கண்ணில் பார்வை திரும்பாது. உடனே கழுவியிருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். யாருக்குமே அப்படி ஒரு ஒருவேளையைச் சொல்லக் கூடாது. நான் நடைபாதைக்கு வந்தேன். அண்ணி மகள் பரீட்சைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆபீசில் விசாரணை வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். அவர், மேனேஜர், அண்ணி, நான். அண்ணிக்கு மலாய் பாசாரில் காய் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். அதிகாரிக்கும் மேனேஜருக்கும் தமிழ் தெரியாது. அதனால் நான்தான் நடுவில் மொழிபெயர்க்க வேண்டும், நான்தான் நடந்ததைக் கணினியில் அடிக்க வேண்டும், தளத்தைத் திறந்து அண்ணியின் பதிவைச் சுவரில் காட்ட வேண்டியவளும் நான்தான். காட்டினேன். அண்ணியின் பெயர். எட்டுப் பக்கமும் முழுதாகப் பார்த்தது. நான்காம் பக்கத்தில் நின்ற நேரம் மூன்று நிமிடம். கேள்விகள், பத்துக்குப் பத்து.

அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. பேச்செல்லாம் மரியாதைதான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிறது. இவர் முழு மார்க் வாங்கியிருக்கிறார். தெரிந்தே விதியை மீறியிருக்கிறார். அப்படியானால் வேலையில் வைத்திருக்க முடியாது," என்றார். மேனேஜர் மேசையைப் பார்த்தபடி, வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுக்கலாம் என்றார். பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது.

"அந்தப் பக்கத்தை ஒரு தடவை ஓடவிடுங்கள். பதிவுக்காக," என்றார் அதிகாரி.

ஓடவிட்டேன். என் குரல் அறை முழுக்கக் கேட்டது. வெயில் பட்டால் கேன் உப்பும். கத்தியால் குத்தக் கூடாது. கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. அண்ணி கட்டுப் போட்ட கண்ணோடு தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் வீட்டுப் பிள்ளை பாடுவதைக் கேட்டதுபோல அவ்வளவு சந்தோஷம்.

"அட, பாப்பா! இது ஒன் கொரலு இல்ல? எவ்ள அழகா பேசிருக்கே! எப்ப பேசுன இத?"

என் விரல் கணினி மேலேயே நின்றுவிட்டது.

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

அந்த அறையில் நான் ஒருத்திதான் அதை மொழிபெயர்க்க முடியும்.

"குரல் தெளிவாக இருக்கிறது என்கிறார்," என்றேன்.

ஆம். சொன்னேன். ஒரு பொய் அண்ணியின் கண்ணைத் தின்ற பிறகும் இன்னொரு பொய். அதிகாரி தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். மலாய் முழுதாகத் தெரியாவிட்டாலும் என் முகம் தெரியும் அவருக்கு. அந்தப் பையும், ஒன்பது போனும், நான் பிடுங்கியதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு மெல்ல அடங்கியது. அதிகாரி பக்கம் திரும்பினார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், யாரும் கேட்காமலே, அவரே சொன்னார்.

"சுடா தெங்கோக், துவான். சாயா சுடா தெங்கோக்."

பார்த்துட்டேன் ஐயா, நான் பார்த்துட்டேன் என்கிறார். என் வேலைக்காக. தன் வீட்டைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்கிறார். பிறகு என்னிடம் தமிழில், உதடு அசையாமல், "நீ வாயத் தொறக்காத. ஒனக்கும் வூடு போயிரும்," என்றார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல், அந்த மேனேஜர்மேல், எல்லாவற்றையும்விட என் விரல்கள்மேல். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"பொய் சொல்றாங்க," என்றேன் மலாயில். "அவங்க பார்க்கவே இல்ல. ஒரு பக்கம்கூட. படிக்க உக்காந்தாங்க, நான்தான் போனைப் பிடுங்கினேன். பத்துக்குப் பத்து அவங்க வாங்கினது இல்ல, நான் வாங்கினது. அவங்களுக்கு மட்டும் இல்ல, ஒன்பது பேருக்கும்."

 அதிகாரி எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். "இதை நீங்களே அடிக்க வேண்டும்," என்று கணினியைக் காட்டினார். உட்கார்ந்து அடித்தேன், ஒரு எழுத்தும் விடாமல்.

அண்ணி என்னைத் திட்டினார். வழி நெடுகத் திட்டினார். "அறிவிருக்கா ஒனக்கு? ஒத்தக் கண்ணு போயாச்சு, வாயால திரும்ப வந்திருமா?" என்றார். லயத்து வாசலில் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அண்ணியின் வேலையில் கைவைக்கவில்லை. மருந்திலிருந்து எடுத்து நாற்றுப் பண்ணையில் போட்டார்கள். மண்டோர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். என் வேலை போயிற்று, கிராணி வீடும் போயிற்று. நான் இப்போது சிரம்பானுக்குப் பக்கத்தில் பாரோயில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். ஒன்பது பெண்களில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. தாங்கள் வாங்கிய முழு மார்க்கை நான் சபையில் பிடுங்கிவிட்டேனாம். அவர்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

நான் வேலையை விட்டுப் போகிற மாதத்தில் எனக்குக் கொடுத்த கடைசி வேலை ஒன்பது பதிவையும் அழிப்பது. அழிக்கும் பொத்தானை அழுத்தினால், நிச்சயமா என்று தளம் ஒரு தடவை கேட்கும். ஒன்பது தடவை கேட்டது. பிறகு ஒவ்வொருவராக வந்து ஆபீசில் உட்கார்ந்து, தாங்களே பாடம் பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். கடைசியாக அண்ணி வந்தார். அவருக்கு இனி அந்தப் பாடம் தேவையில்லை, மருந்தைத் தொடப்போவதில்லை. "என் பேருல பொய் கெடந்துச்சு இல்ல, நெசத்தப் போட்டுட்டுப் போறேன்," என்றார்.

விரிசல் விட்ட அதே போன். ஒற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. என் கை ஒரு தடவை பரபரத்தது. தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கேள்விகளில் மூன்று தப்பு செய்தார். நான் சொல்லவில்லை.

பத்தாவது கேள்வி வந்தது. மருந்து கண்ணில் பட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? கீழே நான்கு பதில்கள் இருந்தன. அதுவரை ஒவ்வொரு பதிலையும் விரல் வைத்து வாசித்தவர், இதற்குக் கேள்வி முடியும் முன்பே சரியான இடத்தில் அழுத்திவிட்டார்.

"இது எனக்குத் தெரியும் பாப்பா," என்றார்.